நான் படிக்கிறேன், நீ அடி

கடைசி எழுத்தையும் அடித்து என்டரைத் தட்டிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது, சீரியல் நம்பரை யாரோ பின்னால் நின்று படித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் பெட்டியின் முதுகில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் எப்போதோ தேய்ந்து வெறும் வெள்ளைக் காகிதம் ஆகியிருந்தது. நம்பருக்கு எங்கே போவது என்று யோசித்தபடிதான் விரல்களைக் கீபோர்டின்மேல் சும்மா வைத்திருந்தாள். அப்புறம் விரல்கள் தானாக நகர ஆரம்பித்தன. "எம், மாமா எம். ஆறு. பி, பன்னு பி. டி, டப்பா டி. டபிள்யூ, அதான்க்கா, கவுத்துப் போட்ட எம்." அவசரமே இல்லாத, லேசாக மூக்கடைத்த, பதினெட்டு வயதுக் குரல். எழுத்துக்கு எழுத்து அது சொல்ல, அவள் அடித்திருக்கிறாள். திரையில் இருந்த நீலம் ஒரு கணம் யோசித்துவிட்டு நம்பரை ஒப்புக்கொண்டது.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். கூடம் காலி. கூடத்திலிருந்து உள்ளே போகும் குறுகிய நடை காலி. நடையின் கோடியில் தம்பியின் அறைக்கதவு பாதி திறந்து, உள்ளே சின்ன பல்பு மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. எழுந்து போய்ப் பார்த்தாள். சாயங்காலம் அவள் எப்படி ஒருக்களித்துப் படுக்க வைத்தாளோ அப்படியே கிடந்தான், சுவரைப் பார்த்தபடி.

"நீயாடா பேசின?"

"ம்," என்றான்.

எல்லாவற்றுக்கும் அவனிடம் அந்த ஒரு 'ம்'தான். தாகத்துக்கும் அதுதான், வலிக்கும் அதுதான், விடிந்துவிட்டது என்பதற்கும் அதுதான். பயம் வர வேண்டிய இடம் இது என்று அவளுக்குத் தெரிந்தது. வரவில்லை. போர்வையை இழுத்துவிட்டு, திரும்பி வந்து, இன்னும் எத்தனை நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அந்தத் தம்பிக்கு ஒரு காலத்தில் ரேடியோ என்று பெயர். வீட்டில், தெருவில், கடைக்கு வருகிறவர்களிடம், யாரிடமும் வாயை மூட மாட்டான். தூங்கும்போதுகூட முனகுவான். அவனுக்குப் பதினெட்டு வயது இருக்கும்போதே அக்காவும் தம்பியுமாக ஒரு ஷட்டர் கடையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் நடத்தினார்கள். மாடியில் தையல்காரர் ஒருவர். அவருடைய மெஷின் ஓடும் சத்தத்துக்கு நடுவில் இவர்கள் நாள் முழுக்க வருகிற கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் ஓ.எஸ்., அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், போட்டுக்கொண்டிருப்பார்கள். சிடி உறையின் பின்னால் பொடிப் பொடியாக அச்சடித்திருந்த நம்பர் அவளுக்குக் கண்ணாடி போட்டாலும் தெரியாது. "நான் படிக்கிறேன், நீ அடி" என்பான். பி, டி, இ, வி எல்லாம் காதுக்கு ஒன்றுபோலவே கேட்கும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தை வைத்திருந்தான். வி என்றால் வில்லங்கம் வி. எக்ஸ் என்றால் வாத்தியார் தப்புப் போட்ட எக்ஸ். வாடிக்கையாளர்கள் நின்று கேட்டுச் சிரித்துவிட்டுப் போவார்கள். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் இரண்டு பேருமே கடையைக் காரணம் காட்டித் தட்டிக்கழித்தார்கள். பிறகு கடையும் போயிற்று. ஒரு நாள் காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். உயிர் தங்கியது. பேச்சு தங்கவில்லை.

இப்போது அவள் கடை கடையாகப் போய் பில் போடும் மெஷின்களைச் சரிபார்த்துக் கொடுக்கிறாள். மிச்ச நேரமெல்லாம் அவன். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது. ஆரம்பத்தில் அழுதாள். அப்புறம் கோபப்பட்டாள். இப்போது இரண்டும் இல்லை. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல நாட்களை இழுத்துக்கொண்டு போனாள்.

ஒரு துணிக்கடையில் கழித்துப் போட்டிருந்த அந்தப் பழைய கம்ப்யூட்டரை, பின்பக்கம் பானை மாதிரி புடைத்த மானிட்டரோடு, ஏன் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வைத்து வேலை செய்வதற்கு அல்ல. ஓ.எஸ். போடுவதற்கு. அது மட்டும்தான் வேண்டியிருந்தது. இப்போதைய மெஷின்கள் எதையும் கேட்பதில்லை. கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் எல்லாம் தயாராக நிற்கும். பழையது உன்னை உட்கார வைத்துப் பேசும். உன் பேர் என்ன, உன் ஊரில் இப்போது மணி என்ன, இங்கே ஏற்கெனவே ஒன்று இருக்கிறதே, அழித்துவிடட்டுமா என்று மரியாதையாகக் கேட்கும். சிடி டிரைவ் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறுகிற ஆள்போல உறுமும், நிற்கும், மறுபடி உறுமும். நீலத் திரையில் மஞ்சள் பட்டை எறும்பு ஊர்வதுபோல ஊரும். பிறகு சாம்பல் நிறப் பெட்டிகள், அமுக்கினால் நிஜமாகவே உள்ளே போவதுபோல நிழல் போட்ட பட்டன்கள், கவிழ்ந்து கவிழ்ந்து எழும் மணல் கடிகாரம். இன்னும் ஒன்பது நிமிடம் என்று சொல்லிவிட்டு அரைமணி நேரம் அங்கேயே நிற்கும். அந்தப் பொய்யான ஒன்பது நிமிடங்களில்தான் அவர்கள் சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், மேஜைமேல் தலை வைத்துத் தூங்கினார்கள். யோசித்துப் பார்த்தால் அவள் சந்தோஷமாக இருந்த காலம் மொத்தமும் ஏதோ ஒரு திரையில் இன்னும் இத்தனை நிமிடம் என்று எழுதியிருந்த காலம்தான்.

மறுநாள் சாயங்காலம் தம்பிக்கு ஊட்டி முடித்ததும், முந்தின நாள் போட்டதை முழுக்க அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து போட்டாள்.

நம்பர் கேட்கும் பெட்டி வந்தது. அவள் விரல்களை வைத்தாள். திரும்பவில்லை.

"எம், மாமா எம்," என்றது பின்னாலிருந்து.

மானிட்டர் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. அவள் தோளுக்குமேல் யாரும் தெரியவில்லை. ஆனால் காதுக்குப் பின்னால் கதகதப்பாக மூச்சு பட்டது. சூடான மானிட்டரிலிருந்து கிளம்பும் தூசி வாசனையோடு, விளையாடிவிட்டு வந்த பையனின் வேர்வை வாசனையும் கலந்திருந்தது. "ஜி, ஜிப்பு ஜி. அது எப்பவும் திறந்தே இருக்கும், நம்ம தையல்கார மாமாவோடது மாதிரி," என்றான். அவள் சிரித்துவிட்டாள். வெற்று வீட்டில் பாத்திரம் விழுந்ததுபோல அந்தச் சிரிப்பு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. எத்தனை காலம் ஆயிற்று.

அதற்கப்புறம் தினமும் அதுதான். அழிப்பது, போடுவது. திரும்பிப் பார்த்தால் குரல் நின்றுவிடும் என்று தெரிந்துகொண்டாள். அதனால் திரும்பவில்லை.

தம்பிக்குக் கைகால் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வாரத்தில் சில நாட்கள் காலையில் வருவாள். சுறுசுறுப்பான, எதையும் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிற பெண். ஒரு நாள் அவள் பயிற்சியைப் பாதியில் நிறுத்திவிட்டு, "மேடம், கொஞ்சம் இங்க வாங்களேன்," என்று கூப்பிட்டாள்.

"என்னம்மா?"

"கையைத் தூக்கச் சொன்னேன். பாதியில நிக்குது பாருங்க. போன வாரம் தோள் வரைக்கும் வந்துச்சே."

அவனுடைய வலது கை படுக்கைக்குமேல் அந்தரத்தில் நின்றது. பலமில்லாத கை நடுங்க வேண்டும். நடுங்கவில்லை. அலமாரியில் எடுத்து வைத்த பொருள்போல இருந்தது. கண் திறந்திருந்தது. கீழ் இமையின் ஓரத்தில் ஒரு ஈ உட்கார்ந்து, கால்களைத் தேய்த்துக்கொண்டு, ஈரத்தின் விளிம்பிலேயே மெல்ல நடந்து போயிற்று. இமை அசையவில்லை.

"டேய்," என்றாள் அக்கா. "டேய், ரேடியோ."

ஒன்றும் இல்லை. பிறகு, நடுவில் எதுவுமே நடக்காததுபோல, கை விட்ட இடத்திலிருந்து மேலே எழுந்தது. இமை கொட்டியது. ஈ பறந்தது.

"டாக்டர்கிட்ட சொல்லுங்க மேடம். எனக்கு இது சரியாப் படல," என்றாள் அந்தப் பெண். போகும்போது கூடத்து மேஜையில் இருந்த கம்ப்யூட்டரைப் பார்த்து, "அட, இது இன்னும் ஓடுதா? எங்க சித்தப்பா வீட்டுல இருந்துச்சு," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் போனில், சின்னச் சின்ன வலிப்பாக இருக்கலாம், திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு வாருங்கள், ஸ்கேன் எடுத்துப் பார்ப்போம் என்றார். அவள் சரி என்றாள். ஆனால் ஆயுள் முழுக்க மெஷின்களோடு இருந்தவள் அவள். ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும், விளக்கு எரியும், மவுஸ் மட்டும் நகராது. அதற்கு அவள் தொழிலில் ஒரு சொல் இருந்தது. ஹேங். உள்ளே எல்லாப் பலத்தையும் வேறு எதுவோ உறிஞ்சிக்கொண்டிருக்கும்போதுதான் அப்படி ஆகும்.

அன்று சாயங்காலம் மெஷினைத் தொடக்கூடாது என்று நினைத்தாள். தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏதாவது ஒரு வார்த்தை பேசுடா. திட்டவாவது திட்டு."

"ம்."

"எனக்கு இந்த வீடு தாங்கலடா."

அவன் அவளைப் பார்த்தான். உதடு ஏதோ முயற்சி செய்தது. 'ம்'கூட வரவில்லை. அவள் கையை எடுத்துக் கட்டிலில் வைத்துவிட்டு எழுந்து கூடத்துக்குப் போனாள்.

அழித்துவிடட்டுமா என்று மெஷின் கேட்டது. அழி என்றாள்.

குரல் அன்று மிக அருகில் இருந்தது. பாதி நம்பர் வரை வழக்கம்போலப் படித்தது. பிறகு, இதுவரை ஒருநாளும் செய்யாததைச் செய்தது. நிறுத்தியது.

"அக்கா, ஒரு நிமிஷம்."

அவள் விரல்கள் நின்றன.

"அந்த ரூம்ல யாருக்கா இருமுறது?"

அப்போதுதான் அவளுக்கும் கேட்டது. நடையின் கோடியிலிருந்து வரும் இருமல். சளி கட்டிய, களைத்த, நடுவயது ஆளின் இருமல். படுத்தபடியே இருமினால் அவனுக்கு மூச்சு முட்டும். போய் முதுகைத் தூக்கிப் பிடிக்க வேண்டும்.

"சொல்லுக்கா. பெரிய ஆளு மாதிரி இருக்கு. யாரது?"

நீதான்டா. அந்த ஒரு வார்த்தை போதும். அதைச் சொன்னால் இந்தக் குரல் இனி வராது என்பது, யாரும் சொல்லாமலே, அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிடரியில் மூச்சு கதகதப்பாகப் பட்டுக்கொண்டிருந்தது. காத்திருந்தது.

"யாரும் இல்லடா," என்றாள். "நீ படி."

இருமல் பாதியில் அறுந்தது.

மிச்ச எழுத்துகளை அவன் படிக்க, அவள் அடித்தாள். பட்டை முழுக்க ஊர்ந்து முடியும் வரை உட்கார்ந்திருந்தாள். வந்ததற்கு நன்றி சொல்வதுபோல மெஷின் தன் சின்ன இசையை வாசித்து முடித்த பிறகுதான் எழுந்து உள்ளே போனாள்.

அவன் தலையணையிலிருந்து தலை லேசாக எழும்பியபடி, வாய் திறந்தபடி, கழுத்து நரம்பு புடைத்தபடி இருந்தான். மார்பில் கையை வைத்தாள். சூடு இருந்தது. ஏறி இறங்கவில்லை. கையை எடுக்காமல் நின்றாள். சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார்கள்.

வெகுநேரம் கழித்து, அந்த இருமலின் மிச்சப் பாதி வந்தது.

தலை தலையணையில் விழுந்தது. கண் அவள் பக்கம் திரும்பியது. நிறையத் தண்ணீர் கட்டியிருந்தது. யாரும் இல்லை என்று அவள் சொன்னதைக் கேட்டிருக்கிறான். அவள் போர்வையைச் சரிசெய்தாள். விளக்கை அணைத்தாள்.

விடிந்ததும் ஒயர்களைப் பிடுங்கிச் சுருட்டி, மெஷினை வாசல் கதவோரம் தள்ளி வைத்தாள். பழைய சாமான் எடுக்கிறவனுக்குப் போன் செய்தாள். திங்கட்கிழமை வருகிறேன் என்றான். எல்லாமே திங்கட்கிழமைக்குத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை. ஜன்னல் வழியாக வெயில் பளிச்சென்று தரையில் விழுந்திருந்தது. துவைத்த துணிகளை மடித்தாள். மடித்த துண்டை நாற்காலியின் முதுகில் போட்டாள். அதற்குமேல் செய்ய ஒன்றும் இல்லை. வீடு காதை அடைத்தது. அந்த அமைதியில் அவளுக்குத் தன் சிரிப்பு ஞாபகம் வந்தது. அது ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

இன்னும் ஒரே ஒரு தடவை. நாளைக்குத்தான் போகப்போகிறதே.

மெஷினைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தாள். ஒயர்களைச் செருகினாள். அழி என்றாள்.

"எம், மாமா எம்," என்றான். குரலில் சந்தோஷம் ததும்பியது. "எங்கக்கா போயிட்ட?"

"இங்கதான்டா இருக்கேன்."

"ஆறு. பி, பன்னு பி."

நடையின் கோடியில் கட்டில் கிறீச்சிட்டது.

அவள் அடித்துக்கொண்டிருந்தாள். தரையில் ஏதோ உராய்ந்தது. சர்ர். பிறகு, தொப். கொஞ்சம் இடைவெளி. சர்ர். தொப். ஒரு கால் இழுபட்டு, ஒரு கால் ஊன்றும் சத்தம். விழுந்த நாளிலிருந்து இன்றுவரை அவன் யாரும் பிடிக்காமல் ஓரடி எடுத்து வைத்ததில்லை.

"டி, டப்பா டி. அக்கா, திரும்பாத."

சர்ர். தொப்.

"ஏன்டா?"

"டபிள்யூ. திரும்பாதக்கா. நாலு. கே."

வேகமாகப் படித்தான். வேடிக்கை வார்த்தைகள் எல்லாம் போய்விட்டன. வெறும் எழுத்துகள். அவள் விரல்கள் ஓடின. சுவரில் உள்ளங்கை உரசும் சத்தம். ஆள் தடுமாறுகிறான். தாங்கிப் பிடிக்கிறான். மறுபடி நடக்கிறான்.

"ஜே. ஒன்பது. எக்ஸ்."

சர்ர். தொப்.

பிடரியில் மூச்சு. இடப்பக்கம் ஒன்று. வலப்பக்கம் இன்னொன்று. ஒன்றில் வேர்வை வாசனை. இன்னொன்றில் மருந்து, போர்வை, படுக்கையிலேயே கிடந்த உடம்பின் வாசனை.

திரும்பியிருக்கலாம்.

"கடைசி எழுத்துக்கா. வி."

அடித்தாள்.

மணல் கடிகாரம் வந்தது. ஒருமுறை கவிழ்ந்தது. நின்றது. டிரைவின் உறுமல் நின்றது. பட்டை நின்றது.

"அக்," என்றது பின்னால்.

"அக்."

"அக்."

இரண்டு குரல்களும் ஒன்றாக. அப்புறம் அதுவும் இல்லை. ஃபேன் மட்டும் ஓடியது.

அவள் எழுந்து திரும்பினாள்.

மெஷின் ஹேங் ஆகும்போது திரையில் இருக்கும் ஒரு பெட்டியை மவுஸால் பிடித்து இழுத்தால், அது போன வழியெல்லாம் தன்னையே விட்டுவிட்டுப் போகும். ஒன்றின்மேல் ஒன்று, கொஞ்சம் கொஞ்சம் விலகி, விரித்துப் பிடித்த சீட்டுக்கட்டு மாதிரி. கடையில் வேலையில்லாத நேரங்களில் தம்பி அப்படி இழுத்துத் திரை முழுவதும் நிரப்பி விளையாடுவான்.

அறைக்கதவில் தம்பி நின்றான். அதற்கு அரை அடி முன்னால் தம்பி நின்றான். அதற்கு அரை அடி முன்னால். தோளிலிருந்து தோள் கிளம்பி, முகத்திலிருந்து முகம் பிதுங்கி, நடை முழுக்க, கூடம் முழுக்க, அவள் நாற்காலி வரை. கதவருகே நின்றவன் வாய் மூடியிருந்தது. நடையில் நின்றவர்களின் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துகொண்டே வந்தது. நாற்காலிக்குப் பின்னால் நின்றவன் வாய் முழுக்கத் திறந்திருந்தது. அவன் கை அவள் தோள் இருந்த இடத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றது. வெயில் எல்லார்மேலும் விழுந்தது. தரையில் நிழல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

யார் கண்ணிலும் அசைவில்லை. யாரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தன.

தொட்டுப் பார்த்தாள். உடம்பு சூடாக இருந்தது. மானிட்டர் கண்ணாடியைத் தொட்டதுபோல அவள் கை ரோமம் நட்டுக்கொண்டு நின்றது.

"டேய்," என்றாள். "இதுல எதுடா நீ?"

கத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. வாசல் கதவு பத்தடி தூரத்தில் இருந்தது. வெளியே ஒரு குழந்தை யாரையோ கூப்பிட்டுச் சிரித்தது. பயம் எங்கேயோ வெகுதூரத்தில், சுவருக்கு அந்தப் பக்கம், யார் வீட்டிலோ நடப்பதுபோல இருந்தது.

பக்கத்தில் நின்றவனின் மோவாயில் எச்சில் வழிந்திருந்தது. அவள் நாற்காலி முதுகிலிருந்து துண்டை எடுத்து அதைத் துடைத்தாள். துண்டு நனைந்தது. அடுத்தவனைத் துடைத்தாள். அதற்கடுத்தவனை. சுவரோரமாக ஒடுங்கி ஒடுங்கி நடந்து, ஒவ்வொரு முகத்தையும் ஒரு கையால் தாங்கிப் பிடித்துத் துடைத்துக்கொண்டே, நடையின் கோடிவரை போனாள்.

கதவருகே நின்று திரும்பிப் பார்த்தபோது, கூடத்தில் நாற்காலியருகே நின்றவனின் மோவாய் வெயிலில் மறுபடி மினுமினுத்தது. அவள் துண்டை உதறி, காய்ந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அங்கேயிருந்து மறுபடி துடைக்க ஆரம்பித்தாள்.